மஸ்தூராவுக்கு அரபு தெரியாது

எங்கள் மஹல்லாவில் யாரைக் கேட்டாலும் மஸ்தூராவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். வேலைக்குப் போன நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ட்ராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் அரபு வாத்தியார் முன்னால் வாயே திறக்காமல் நின்று ஃபெயிலானவள். இரண்டாவதைச் சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பும் வரும். "பாவம், படிப்பு ஏறலை" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோவியத்திலிருந்து பிரிந்து நாடு தனியானதும் ஊரே அரபு எழுத்துப் படிக்கக் கிளம்பியதே, அப்போது பாதிப் பேர் இவள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஒருத்தர் கையில் ஹஜ்ஜிலிருந்து வந்த தட்டு, இன்னொருத்தர் கையில் பாட்டன் கல்லறைக் கல்லின் புகைப்படம். "ஃபெயிலானா என்ன, உங்க ஸ்கூல்ல அரபு சொல்லிக் கொடுத்தாங்களாமே, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்" என்பார்கள். "எனக்குத் தெரியாது. ஹைரினிசாவைக் கேளுங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுவாள். நான் தப்பும் தவறுமாக வாசிப்பேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்பது அந்த உதட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். தாஷ்கந்தின் பழைய நகரத்தில் எங்கள் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பில் எங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஆங்கிலம், சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அரபு. தேர்வு முறை அவ்வளவுதான். கரியடுப்பு சுவர்ப் பக்கம் இருந்தது, நாங்கள் இருவரும் குளிர் தாங்காதவர்கள். அப்படித்தான் அரபு எங்களுக்கு வந்து சேர்ந்தது.

இதைக் கேட்டதும் அவள் அப்பா எர்கஷ் மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் ட்ராம் ஓட்டுநர். அவருடைய அப்பாவை, இவர் சிறுவனாக இருந்தபோது, வீட்டில் அரபு எழுத்தில் ஒரு பெட்டி புத்தகம் இருந்தது என்பதற்காக அரசாங்க ஆட்கள் வந்து கூட்டிப் போனார்கள். அந்த எழுத்தே குற்றமாக இருந்த காலம். அது தொழுகைப் புத்தகமா, வைத்தியப் புத்தகமா என்று வாசித்துப் பார்க்கக் கூட்டிப் போனவர்களுக்குத் தெரியாது. போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த எழுத்து ஒட்டிய தேயிலை டப்பாவைக்கூட அந்த வீட்டில் வைப்பதில்லை.

மகளை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லலாமே என்றுதானே நினைப்போம். மாமாவும் அதே நினைப்போடு பள்ளிக்கூட வாசல்வரை போனார், திரும்பி வந்தார். இன்னொரு நாளும் போனார், திரும்பி வந்தார்.

"ஏன் அரபு வேண்டாம்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்வேன்?" என்றார் என் அம்மாவிடம். "வேணும்னாலும் பயம், வேண்டாம்னாலும் பயம். படிச்சுத் தொலையட்டும். ஆனா வீட்டுப்பாடம் எங்க வீட்டுல எழுதக் கூடாது."

அதனால் அவள் வீட்டுப்பாடத்தை எங்கள் வீட்டில் எழுதினாள். நான் அவளைப் பார்த்து எழுதினேன். எனக்கு லாபம்தான்.

அரபு வாத்தியார் நுஸ்ரத்துக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. எங்கள் பொறியாளர்கள் ஏதோ ஒரு அரபு நாட்டில் அணை கட்டியபோது மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்தவர். உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். பாடப்புத்தகத்தில் அஹ்மத் என்று ஒருவன் தினமும் காலையில் தொழிற்சாலைக்குப் போவான், சாயங்காலம் கூட்டத்துக்குப் போவான். அந்த ஊரில் பள்ளிவாசலும் கிடையாது, ஒட்டகமும் கிடையாது. மற்றதெல்லாம் உஸ்தாத் வாய்வழியாக வந்தது. ஒரு நாள் ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி கொண்டுவந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றினார். குடித்து முடித்தால் மறுபடி ஊற்றினார். நான் மரியாதைக்காகக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

"போதும்னா கிண்ணத்தை இப்படி ஆட்டணும்" என்றார் கடைசியில். "ஆட்டலைன்னா அங்கே விடியற வரைக்கும் ஊத்துவாங்க. ஹைரினிசா, உனக்கு இன்னைக்குத் தூக்கம் கிடையாது."

நாங்கள் எல்லோரும் அரபை உஸ்பெக்காகவே பேசினோம். எங்களுக்கு 'ஹ' ஒன்றுதான். மஸ்தூராவுக்கு மட்டும் அது இரண்டாகப் பிரிந்தது. தொண்டையின் அடியிலிருந்து ஒன்று, மூச்சிலிருந்து ஒன்று. அவளுக்கு அந்த மொழி மேல் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. ட்ராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு வருவாள். அவள் பெயருக்கு மறைக்கப்பட்டவள் என்று அர்த்தம் என உஸ்தாத் சொன்ன அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

உஸ்தாத் திரும்பத் திரும்பச் சொன்ன எச்சரிக்கை ஒன்று உண்டு. "நம்ம வீட்டுல புழங்குற அரபுச் சொல்லை நம்பாதீங்க. அதெல்லாம் கட்டிக் கொடுத்த பொண்ணு மாதிரி, புகுந்த வீட்டுப் பழக்கம் வந்துடுச்சு. மக்தப்னு நாம பள்ளிக்கூடத்தைச் சொல்றோம், அங்கே போய்ச் சொன்னா ஆபீஸைக் காட்டுவான். ரஹ்மத்னு நன்றி சொன்னா, எதுக்கு இவன் கருணை கேக்கறான்னு முழிப்பான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னொண்ணு. இன்கிலாப். நமக்கு அது புரட்சி. அவங்களுக்கு, ராணுவக்காரன் ராவோட ராவா வந்து நாற்காலியைப் பிடுங்குறது. புரட்சிக்கு அவங்க சொல் ஸவ்ரா. இதை மட்டும் தூக்கத்துலகூட மாத்திடாதீங்க."

கடைசி வகுப்பான பத்தாம் வகுப்பின் வசந்தத்தில், ஏப்ரல் மாதம், ஓர் அரபு நாட்டிலிருந்து பருத்தி பார்க்க ஒரு தூதுக்குழு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வருகிறார்கள் என்றதும் தலைமை ஆசிரியை வஸீரா அக்கா தரையை இரண்டு முறை கழுவ வைத்தார். வரவேற்புரை மஸ்தூராவுக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? அட்லஸ் என்கிற பல வண்ணப் பட்டில் சட்டை போட்டு, விருந்தாளிகளுக்கு நீட்டக் கையில் ரொட்டியும் உப்பும் கொடுத்து அவளை முன்னால் நிறுத்தினார்கள்.

விருந்தாளிகளோடு நம் ஆள் ஒருவர் வந்திருந்தார். ஸாபிரோவ் என்று பெயர். மெல்லிய குரல், மெல்லிய கை, சாம்பல் நிறக் கோட்டு. எந்த அலுவலகம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மஸ்தூரா அரபில் சொல்லச் சொல்ல, வஸீரா அக்காவுக்கும் கட்சி ஆட்களுக்கும் அவர் ரஷ்ய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

வணக்கமெல்லாம் அழகாகத்தான் சொன்னாள். விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் கெடுத்தது. அவளுக்குக் கவனம் தப்பி, நாக்கு பிறந்த வீட்டுக்கு ஓடிவிட்டது. "மாபெரும் அக்டோபர் இன்கிலாபுக்குப் பிறகு உஸ்பெக் பெண் விடுதலை பெற்றாள்" என்றாள், கணீரென்று, அத்தனை எழுத்தும் சுத்தமாக.

நமக்கு அது ஒன்றுமில்லை. தினமும் ரேடியோவில் கேட்கிற வாக்கியம். அவர்கள் காதில், அக்டோபரில் நடந்தது நாற்காலி பிடுங்கின வேலை என்று ஒரு சோவியத் பள்ளிப் பெண் மேடையில் நின்று அறிவித்துவிட்டாள். ஓர் இளைஞன் இருமல் வந்தவன் மாதிரி வாயைப் பொத்தினான். குழுத் தலைவர், பெரிய மீசைக்காரர், தன் காலணியைப் பார்க்க ஆரம்பித்தார். அவருடைய நாட்டு அரசும் ஒரு விடியற்காலையில் டாங்கியில் வந்து உட்கார்ந்ததுதான். அங்கே அதை ஸவ்ரா என்று சொல்லாதவன் சிறைக்குப் போவான் என்று உஸ்தாத் பிற்பாடு சொன்னார்.

ஸாபிரோவ் ஒரு கணம் நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு ரஷ்ய மொழியில், "மாபெரும் அக்டோபர் புரட்சிக்குப் பிறகு" என்று சரியாகச் சொன்னார். வஸீரா அக்கா கைதட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். மஸ்தூரா உஸ்தாதின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

நடைவழியில் உஸ்தாத் எங்களை நிறுத்தினார். 

"நீ என்ன சொன்னேன்னு என் காதுல விழலை" என்றார். "உனக்கும் விழலை. ஹைரினிசா, உனக்கும்தான். சரியா?"

சரி என்றோம். அன்றிலிருந்து மஸ்தூரா சாப்பிடுவதை விட்டாள். எங்கள் சந்துக்குள் கார் வருவது அபூர்வம். வந்தால் அவள் கையிலிருக்கும் எதையாவது கீழே போடுவாள். அப்பாவிடம் சொல்லவில்லை. தாத்தாவைக் கூட்டிப் போனது வாசிக்கவே முடியாத புத்தகத்துக்காக. இவள் மேடையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். வீட்டில் யாரைக் கூட்டிப் போவார்கள் என்பதுதான் அவள் கேள்வி. என்னிடம் கேட்பாள். நான் என்ன கண்டேன்? எனக்கும் பயம்தான். "சும்மா இரு, ஒண்ணும் ஆகாது" என்று எரிந்து விழுவேன்.

மே மாதம் ஒரு சாயங்காலம். அவள் அம்மா மில் வேலைக்குப் போயிருந்தார். ஒரு கணக்குப் பாடம் கேட்பதற்காக நான் அவர்கள் வீட்டு உள்ளறையில் இருந்தேன். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. திரைச்சீலை இடுக்கில் பார்த்தால் சாம்பல் நிறக் கோட்டு. மஸ்தூரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடம் இரண்டு நாள் வலித்தது.

எர்கஷ் மாமா ரொட்டியைப் பிய்த்து வைத்து, தேநீர் ஊற்றினார். வந்தவருக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம். அடிக்கடி ஊற்றத்தானே போகிறோம், நீங்கள் இருங்கள் என்று அர்த்தம். நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். மாமாவுக்குக் கை நடுங்கிய நடுக்கத்தில் கிண்ணம் விளிம்புவரை நிரம்பிவிட்டது. 

ஸாபிரோவ் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன எர்கஷ் அண்ணே, சீக்கிரம் அனுப்பப் பாக்கறீங்க போல."

"ஐயையோ, இல்லைங்க. கை தவறிடுச்சுங்க. மன்னிச்சுக்கோங்க."

"தவறுறது சகஜம்தான். உங்க பொண்ணுக்கும் அன்னைக்கு ஒரு சொல் தவறிடுச்சு. சொல்லலையா உங்ககிட்ட?" சொல்லலை என்று மாமாவின் முகம் சொல்லிற்று. ஸாபிரோவே பொறுமையாக, பாடம் எடுப்பது போல விளக்கினார். "நான் மொழிபெயர்ப்புல சரி பண்ணிட்டேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நானும் சொல்றதா இல்லை."

மாமா ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல அரபு பேசுது பொண்ணு. இங்கே இன்ஸ்டிட்யூட்டுல இடம் வாங்கித் தர்றேன். அங்கே விடுதியில அரபுப் பசங்க படிக்கறாங்க. சாயங்காலம் அவங்களோட சும்மா பேசிட்டிருந்தாப் போதும். என்ன பேசினாங்கன்னு எங்கிட்ட வந்து சொன்னாப் போதும். ஜூன்ல பரீட்சை இல்லையா? அஞ்சுக்கு அஞ்சு வாங்கட்டும். நானே வந்து உட்காருவேன், கேக்கறதுக்கு ஆசையா இருக்கு." எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மாட்டேன்னு சொல்லிடாது. படிச்ச பொண்ணு."

அவர் போன பிறகு மாமா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். குடிக்காத கிண்ணத்தை யாரும் எடுக்கவில்லை. மகளை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் வருவதற்குள் மஸ்தூரா இளைத்துத் துரும்பாகிவிட்டாள். பரீட்சைக்கு முந்தின நாள் வாய்க்கால் ஓரத்தில் என்னிடம் சொன்னாள்.

"நான் நாளைக்கு எதுவும் பேசப் போறதில்லை, ஹைரி."

"பைத்தியமா உனக்கு? ஸாபிரோவ் கோபப்பட்டு அந்தச் சொல்லை வெளியே விட்டுட்டார்னா?"

"அதை யோசிச்சுட்டேன். அரபு தெரிஞ்சவ சொன்னாத்தான் அது குத்தம். தெரியாதவ, எழுதிக் கொடுத்ததைத் தப்பா ஒப்பிச்சா? உளறல். வகுப்புலயே மக்குன்னு பரீட்சைத் தாள்ல இருந்தா, அந்தச் சொல்லை வச்சுக்கிட்டு அவர் யார்கிட்ட போவாரு? தெரியாதவளை விடுதிக்கு அனுப்பித்தான் என்ன பண்ணுவாரு?"

"உஸ்தாதுக்குத் திட்டு விழுமே."

"ஒரு பிள்ளை ஃபெயிலானாத் திட்டோட போயிடும். அந்த விடுதிப் பசங்க என்னை நம்பிப் பேசறதை இவர்கிட்ட போய்ச் சொல்றதுக்கா உஸ்தாத் எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு?"

பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றாள். எனக்கும்தான் என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் மேசைக்குப் பின்னால் உஸ்தாதும் வஸீரா அக்காவும். ஜன்னலோரம் ஸாபிரோவ். நான் முதலிலேயே பதில் சொல்லி நான்கு வாங்கிவிட்டேன். வெளியே போ என்று யாரும் சொல்லாததால் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மஸ்தூரா கேள்விச் சீட்டை எடுத்தாள், முன்னால் வந்தாள், நின்றாள்.

உஸ்தாத் இலக்கணம் கேட்டார். பதில் இல்லை. பதற்றம் என்று நினைத்து, அஹ்மத் காலையில் எங்கே போகிறான் என்று கேட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பதில் இல்லை. வஸீரா அக்கா முகம் சிவந்து, "அன்னைக்கு அவ்வளவு அழகாப் பேசினியேடி" என்றார்.

"அது மனப்பாடம் பண்ணினது அக்கா. அர்த்தம் தெரியாது" என்றாள் மஸ்தூரா.

உஸ்தாத் இன்னும் கீழே இறங்கினார். "உன் பெயர் என்ன?" என்று அரபில் கேட்டார், மெதுவாக, கெஞ்சுகிற குரலில். முதல் நாள் முதல் பாடம் அது. அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் அவரை வெறுமையாகப் பார்த்து, "புரியலை உஸ்தாத்" என்றாள்.

அப்போது ஸாபிரோவ் திரும்பினார். மெல்லிய குரலில், நல்ல அரபில், அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன் அப்பாவை வாசலில் கார் அடித்துவிட்டது. தெருவில் கிடக்கிறார்."

எனக்கு உயிர் போய்விட்டது. எர்கஷ் மாமா அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். உஸ்தாத் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த ஜன்னலிலிருந்து வாசல் தெரியாது.

மஸ்தூரா ஸாபிரோவ் பக்கம் திரும்பினாள், இமைக்கவில்லை. தெரியாத பாஷை காதில் விழுந்தால் ஒரு பிள்ளை எப்படி முகத்தை வைத்துக்கொள்ளுமோ அப்படியே வைத்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. ஒண்ணும் புரியலை" என்றாள். குரல்கூட நடுங்கவில்லை. அவள் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. அதை நான் மட்டும்தான் பார்த்தேன், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உஸ்தாத் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஸாபிரோவ் இன்னொரு முறை வாய் திறப்பதற்குள், "ரெண்டு மார்க். ஃபெயில். வெளியே போ, நேரத்தை வீணாக்காதே" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அடுத்த வருடம் அவரை எங்கோ தொலைவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

ஸாபிரோவ் அதற்குப் பிறகு எங்கள் சந்துப் பக்கம் வரவில்லை. வர மாட்டார் என்று நம்பத்தான் மஸ்தூராவால் முடியவில்லை. நாடு மாறியும், எல்லோரும் அரபு படித்தும், பிறகு ஒரு காலத்தில் அரபு படித்தவர்களையே மறுபடி சந்தேகமாகப் பார்த்தும், அவள் ஒரே பதிலில் நின்றாள். இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது, வாசலில் என்ன ஆயிற்று என்று தெரியாது என்பது மட்டும்தான்.

மஸ்தூரா கதவை மெதுவாகச் சாத்தினாள். நடைவழியில் சாதாரணமாக நடந்தாள். கதவில் கண்ணாடி இருந்தது, உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும். நான் பின்னால் போனேன். படிக்கட்டுத் திருப்பம் வந்ததும் ஓடினாள். அப்படி ஒருத்தி ஓடி நான் பார்த்ததில்லை.

எர்கஷ் மாமா வாசலில் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு குவியல் தோல். மஸ்தூரா அவர் கையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், முகத்தைத் தொட்டாள்.

"என்னம்மா, யாராச்சும் அடிச்சாங்களா?"

"ரெண்டு மார்க் வாங்கினேன் அப்பா."

அவர் கையிலிருந்த விதைகளைக் கீழே உதறினார். பிறகு நடுத்தெருவில், ஐந்து வாங்கின பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மகளின் நெற்றியில் முத்தமிட்டார். எனக்கும் சேர்த்து ஐஸ்கிரீம் வாங்கினார். ஸாபிரோவ் வந்துபோன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். மஸ்தூராவின் கையில் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது.

"சாப்பிடும்மா" என்றார் மாமா. "ஒரு பரீட்சைக்குப் போய் இப்படியா அழுவாங்க?"